மீண்டெழுந்த மாளிகை

நுழையும்முன்

ஏறத்தாழ 250 ஆண்டுகளாக அரண்மனையாகவும் கல்லூரியாகவும் அரசு அலுவலகமாகவும் விளங்கிய மாளிகை ஒன்று ஒரே இரவில் தீக்கிரையானது. அதனை இடித்துவிடுவதா, மீட்டெடுப்பதா என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிற்குக் கிடைத்த விடையை விளக்குகிறது இப்பாடம்.

நவாபின் அரண்மனை

சென்னை, காமராசர் சாலையில் எழிலகக் கட்டடங்களுக்குப் பின்னே செந்நிறத்தில் காட்சி தருவது சேப்பாக்கம் அரண்மனை. இது ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவால் 1768ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கலச மகால், ஹுமாயூன் மகால் என இரு பகுதிகளை உடையது. கலச மகால் நவாபின் உறைவிடமாகவும், ஹுமாயூன் மகால் அரசவை கூடும் இடமாகவும் விளங்கின. அரண்மனையை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் எனக் கூறுவர்.

முகலாயக் கட்டடக்கலைக்குரிய வளைவுகளும் குவிமாடங்களும் ஐரோப்பியக் கட்டுமான முறையும் இங்கு ஒன்றிணைந்துள்ளன. இக்கலவைப் பாணியே பின்னாளில் ‘இந்தோ-சாரசனிக்’ எனப் பெயர்பெற்றது. அப்பாணியின் தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்றாக அறிஞர்கள் இம்மாளிகையைச் சுட்டுவர்.

அரண்மனை அலுவலகமாதல்

1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார். வாரிசு இழப்புக் கொள்கையைக் காட்டி, ஆங்கிலேயர் நவாப் பட்டத்தை நீக்கினர். அரண்மனையும் அரசின் கைக்கு மாறியது. பின்னர், கட்டடக்கலைஞர் இராபர்ட் சிசோம் இரு மகால்களுக்கும் இடையே உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பினார். வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் இவ்வளாகத்தில் இயங்கின. 1920இல் கிண்டிக்கு இடம்பெயரும்வரை பொறியியல் கல்லூரியும் இங்குத்தான் செயல்பட்டது.

தீயும் வினாவும்

2012 சனவரி 16 அன்று, பொங்கல் விடுமுறையின்போது, கலச மகாலில் தீப்பற்றியது. மரத்தாலான கூரை எரிந்து வீழ்ந்தது. அங்கிருந்த அலுவலகங்களின் ஆவணங்கள் சாம்பலாயின. தீயோடு போராடிய தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்நீத்தார்.

எஞ்சிய சுவர்களை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் எழுப்பலாம் என்னும் கருத்து எழுந்தது. மரபு ஆர்வலர்கள் அதனை எதிர்த்தனர். அழகிய வளைவுகளோடு சேர்ந்து, அவற்றை எழுப்பிய கொத்தர்களின் தொழிலறிவும் மறையும் என்பது அவர்களது கவலை. முடிவில், மாளிகையை அதன் பழைய வடிவிலேயே சீரமைக்கும் பணியைப் பொதுப்பணித் துறை மேற்கொண்டது. தீ நேர்ந்த அதே 2012ஆம் ஆண்டில், தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது.

சுண்ணாம்பும் சிமெண்டும்

சிதைந்த சுவரைச் சிமெண்டு பூசி எளிதாகச் சரிசெய்துவிட முடியாதா? முடியாது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழஞ்சுவர் ஈரத்தை உறிஞ்சி, மெல்ல வெளியேற்றும் இயல்புடையது. அதன்மேல் இறுகிய சிமெண்டுப் பூச்சு அமைந்தால் ஈரம் உள்ளேயே தங்கும். கடற்காற்றின் உப்பும் அதனுடன் சேர்ந்தால், செங்கல் உள்ளிருந்தே பொடிந்து உதிரும். வெளியே வலிமையாகத் தோன்றும் பூச்சு உள்ளிருக்கும் சுவரை அழித்துவிடும். எனவே, பழைய கட்டடத்தைச் சீரமைக்கச் சுண்ணாம்பே உரிய பொருள். நீற்றிய சுண்ணாம்பை மணலுடன் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைப்பது நம் கொத்தர்களின் வழக்கம். இக்காரை இறுகப் பல நாள்கள் ஆகும். பொறுமையும் அதற்கு வேண்டிய பொருள்களுள் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின்மேல் கட்டைகளை வரிசையாக அமைத்து, சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் செங்குத்தாக, மூலைவிட்டப் போக்கில் பதிப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பாவுவர். இரும்புக் கம்பியின்றி அமையும் இத்தளம் வெயிலின் வெப்பத்தைக் குறைத்து அறையைக் குளிர்ச்சியாக வைக்கும்.

பயன்பாடே பாதுகாப்பு

சீரமைக்கப்பட்ட கலச மகாலில் இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. ஹுமாயூன் மகாலும் பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. ஆளில்லாத கட்டடத்தில் ஒழுகும் நீரும் சுவரில் வேர்விடும் செடியும் எவர் கண்ணிலும் படுவதில்லை. நாள்தோறும் மக்கள் வந்துசெல்லும் கட்டடத்திலோ சிறு விரிசலும் உடனே தெரியவரும். மின்கம்பிகளை முறையாகச் சோதிப்பதும், தீத்தடுப்புக் கருவிகளைப் பேணுவதும், காகிதக் குவியலைத் தேங்கவிடாமல் அகற்றுவதும் மரபைக் காக்கும் பணிகளே. அன்றாடக் கவனம் இருந்தால், மற்றொரு மாளிகை சாம்பலிலிருந்து மீண்டெழ வேண்டிய நிலை வாராது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்ட பழைய கட்டடம் ஒன்றைப் பார்வையிட்டு, அதன் இன்றைய நிலை குறித்து அறிக்கை எழுதுக.

2. பழைய முறையில் கட்டும் கொத்தர் ஒருவரைச் சந்தித்து, அவர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.

3. ‘பழைய அரசுக் கட்டடங்களை இடிப்பதா, சீரமைப்பதா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.