தடுப்பூசி வடிவமைப்பில் கணிப்பொறி

2020 ஜனவரி இரண்டாம் வாரத்தில், கோவிட் நோயை உண்டாக்கும் வைரசின் மரபு வரிசை உலகறிய வெளியிடப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 16 அன்று, அவ்வரிசையை அடிப்படையாகக் கொண்டு மாடர்னா நிறுவனம் உருவாக்கிய தடுப்பூசி அமெரிக்காவில் முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது. இவ்வேகத்தில் கணிப்பொறியின் பங்கு என்ன, அதன் எல்லை எது என்பதை அறிவது பயனுடையது.

பகுதியைத் தேர்தல்

வைரசின் மேற்பரப்பிலுள்ள கூர்முனைப் புரதமே மனித உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் கருவியாகும். இது 1,273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நோயுற்ற உயிரணுக்களை அழிக்கும் டி அணுக்கள் முழுப் புரதத்தையும் காண்பதில்லை. பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டுகளையே அடையாளம் காண்கின்றன. இச்சங்கிலியில் அத்தகைய துண்டுகள் 1,265 உள்ளன. ஒவ்வொன்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது நெடும்பணி. முந்தைய சோதனை முடிவுகளோடு ஒப்பிட்டு, பயன்தரக்கூடிய சிலவற்றைக் கணிப்பொறி விரைவில் பொறுக்கித் தருகிறது.

வடிவத்தை நிலைநிறுத்தல்

கூர்முனைப் புரதம் உயிரணுவோடு இணையும்போது உருமாறும். உருமாறுவதற்கு முந்தைய வடிவத்தை உடலுக்குக் காட்டினால்தான் சிறந்த எதிர்ப்பொருள்கள் உருவாகும். ஆகவே 986, 987 ஆகிய இடங்களில் புரோலின் என்னும் அமினோ அமிலத்தை அமைத்து அவ்வடிவத்தை நிலைநிறுத்தினர். இவ்வுத்தி மெர்ஸ் நோய் வைரசை ஆராய்ந்தவர்களால் 2017இலேயே வெளியிடப்பட்டதாகும். இரு வைரஸ்களின் வரிசைகளையும் ஒப்பிட்டு, உரிய இடங்களை எளிதில் காண முடிந்தது. பல்லாண்டு அடிப்படை ஆராய்ச்சியின் பயனே அவசர காலத்தில் கைகொடுத்தது எனலாம்.

இன்னும் ஒரு படி மேலே சென்று, கணிப்பொறியில் புதிதாக வடிவமைத்த புரதத் துகளின் மீது வைரசின் பற்றும் பகுதியைப் பதித்த தடுப்பூசி ஒன்றுக்கு 2022இல் தென்கொரியா ஒப்புதல் அளித்தது.

சோதனையே உரைகல்

எனினும் கணிப்பொறி தருவது கணிப்பு மட்டுமே, அது சான்றாகாது. மாடர்னா தடுப்பூசி ஏறத்தாழ 30,000 பேரிடம் சோதிக்கப்பட்ட பின்னரே, 2020 டிசம்பர் 18 அன்று அவசரகால அனுமதி பெற்றது. வடிவமைப்பு சில நாட்களில் முடிந்தது. மெய்ப்பிக்கப் பல மாதங்கள் தேவைப்பட்டன. வைரசும் மாறாது நிற்பதில்லை. 2021 நவம்பரில் அறியப்பட்ட ஒமிக்ரான் வகையில், கூர்முனைப் புரதத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன.

இந்தியாவின் தேவை

புரதத் துண்டுகளை டி அணுக்களுக்கு ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ. மூலக்கூறுகள் மக்களினத்திற்கேற்ப வேறுபடுகின்றன. பிற நாட்டு மக்களின் விவரங்களை மட்டும் கொண்டு கணித்தால், இந்தியாவின் பல்வேறு மக்கட்பிரிவினருக்கு அக்கணிப்பு பொருந்தாது போகலாம். எனவே அவ்விவரங்களை இங்கேயே திரட்டுவது இன்றியமையாதது.

குளிர்பதன வசதி குறைந்த சிற்றூர்களையும் வடிவமைப்பாளர் கருத வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வடிவமைக்கப்பட்ட வைரஸ் புரதப் பகுதி, உலர்த்திய நிலையில் 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை ஒரு மாத காலம் தாங்கியது. இது நம்பிக்கையூட்டும் முன்னேற்றமாகும்.

மரபு வரிசைக் கண்காணிப்பு, மக்களினத் தரவு, ஆய்வுக்கூடம், முறையான மனிதச் சோதனை ஆகிய நான்கும் நோயற்ற காலத்திலேயே வலுப்பெற வேண்டும். அவை இன்றேல், எத்துணை விரைவான கணிப்பொறியும் கொள்ளைநோயை முந்திச் செல்ல இயலாது.