விமானம் ஓட்டப் படிக்கலாமா?

போன மாதம் பெரம்பலூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: “பத்தாவது முடிச்ச என் பொண்ணு பைலட் ஆகணும்கிறா.” எங்களில் சிலர் சிரித்துவிட்டோம். அது தப்பு. 1936-லேயே 21 வயது சரளா தக்ரால், ஒரு குழந்தைக்குத் தாய், சேலை கட்டிக்கொண்டே ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டியவர்.

முதலில் மாணவர் உரிமம் எடுக்கணும். 16 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி வேண்டும். சிறிய விமானத்தில் பயிற்சியாளர் பக்கத்திலேயே உட்காருவார். இருவர் கையிலும் கன்ட்ரோல் உண்டு. அதை இழுத்தால் மூக்கு மேலே போகும், வேகம் குறையும். ரொம்ப இழுத்தால் இறக்கை தாங்காது. உடனே மூக்கை இறக்கி வேகம் சேர்க்கணும். இதைத் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். அவர் சரி என்றால்தான் தனியாக ஒரு சுற்று.

வேலைக்கு வணிக உரிமம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறக்கணும், பல லட்சம் ஆகும். நம் உள்கடன் எந்த மூலைக்கு? “சீட் வாங்கித் தர்றேன்” என்று முன்பணம் கேட்ட ஏஜென்டிடம் அந்த அக்கா நகையை அடகு வைத்துக் கொடுக்க இருந்தார். ஊக்குநர்தான் தடுத்தார். டி.ஜி.சி.ஏ. அனுமதி உள்ள பள்ளியா என்று பாருங்கள். மருத்துவப் பரிசோதனை முதலில், பணம் அப்புறம்.

அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன்னில் இயற்பியல், கணிதம் எடுத்திருக்கிறாள்.