நாட்குறிப்பின் முதற் பக்கம்

எங்கள் உயர்தர வகுப்பில் நாட்குறிப்பு எழுதுகின்றவர்கள் ஐந்து பேர் இருக்கிறோம். இது எங்களுக்கே தெரியாமல் இருந்தது. கட்டுரைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது தமிழ் டீச்சர் தற்செயலாகக் கேட்டார். முதலில் ஒரு கை, பிறகு இன்னொரு கை என்று தயங்கித் தயங்கி ஐந்து கைகள் உயர்ந்தன. "மாதத்தில் ஒரு நாள் இடைவேளையில் ஒன்றாக இருந்து ஆளுக்கொரு பக்கம் வாசியுங்களேன்" என்றார் டீச்சர். முதல் நாளன்று ஒவ்வொருவரும் தன்னையும் தன் கொப்பியையும் அறிமுகம் செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்றிரவே எழுதினேன். பெயர், வயது பதினேழு, ஊர் மடவளை, கலைப்பிரிவு, பாடங்கள் இன்னின்ன, எதிர்காலத்தில் சட்டத்தரணியாக விருப்பம், மூன்று வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். திரும்ப வாசித்தபோது, அடையாள அட்டை எடுப்பதற்காகப் பாடசாலையில் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பப் படிவம்தான் நினைவுக்கு வந்தது. மற்ற நால்வரும் இதையேதான் எழுதுவார்கள். ஊரையும் பாடத்தையும் மாற்றினால் என் அறிமுகத்தை யாரும் தன்னுடையதாக வாசித்துவிடலாம்.

பேர்போன நாட்குறிப்பாளர்கள் தங்கள் முதற் பக்கத்தில் என்னதான் எழுதினார்கள் என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தேடலில் கிடைத்ததையே இங்கே எழுதுகிறேன்.

தமிழில் நாட்குறிப்பு என்றதும் முதலில் வரும் பெயர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709 இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே புதுச்சேரிக்கு வந்தவர். வணிகர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்து இரு தரப்பாருக்கும் இடையில் நின்று பேசுபவர். அவர் 1736 செப்டெம்பர் 6 ஆம் திகதி எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறத்தாழ 25 வருடங்கள் எழுதினார். அவர் இறந்து சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. 1846 இல்தான் அந்தக் கையெழுத்துக் கட்டுகள் அவருடைய வழித்தோன்றல்களின் வீட்டிலிருந்து வெளியே வந்தன. பின்னர் 1904 தொடக்கம் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிடப்பட்டன.

இவ்வளவு பெரிய மனிதர் முதற் பக்கத்தில் தன்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று ஆவலுடன் பார்த்தேன். தன் குலப்பெருமை, செல்வம், பதவி ஆகியவற்றுக்கு அவர் அங்கே இடம் கொடுக்கவில்லை. தன் காதால் கேட்பவற்றையும் கண்ணால் காண்பவற்றையும், கப்பல்கள் வருவதையும் போவதையும், புதிதாகவோ அதிசயமாகவோ நடப்பவற்றையும் எழுதப் போவதாக மட்டும் சொல்கிறார். அவ்வளவுதான் அறிமுகம்!

முதலில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இரண்டாம் முறை வாசித்தபோதுதான் விளங்கியது. "கப்பல் வருவதும் போவதும்" என்ற ஒன்றைக் கொண்டே ஆளை அடையாளம் காணலாம். துறைமுகத்தில் வாழ்கிற ஒருவர், சரக்கோடு சம்பந்தப்பட்ட ஒருவர், கப்பல் பிந்தினால் உறக்கம் கெடுகிற ஒருவர். தான் யார் என்று சொல்லாமல், தன் கண் எங்கே போகும் என்று சொல்லிவிட்டார். நான் எழுதிய ஏழு தகவல்களில் என் கண் எங்கே போகும் என்பது ஒன்றிலும் இல்லை.

பிள்ளையின் நாட்குறிப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பண்டிதத் தமிழ் அன்று. அக்காலத்தில் பேசிய விதத்திலேயே, பிறமொழிச் சொற்களும் கலந்து எழுதப்பட்டது. துய்ப்ளேயின் மனைவியைப் பற்றியெல்லாம் மனக்கசப்பை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டு அவர் உயிரோடு இருக்கும்போது ஆளுநர் மாளிகைக்குப் போயிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்? பரீட்சைக் கட்டுரைக்கு உரிய நடையிலேயே நாட்குறிப்பையும் எழுதுகிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. "இன்றைய தினம் மகிழ்ச்சிகரமாக இனிதே நிறைவுற்றது" என்று என் பழைய கொப்பியில் எழுதியிருக்கிறேன். அன்று என்ன நடந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இனி எங்கள் கண்டிக்கு வருவோம். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1660 இல் திருகோணமலைக்கு அண்மையில் கொட்டியாரத்தில் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. அதன் பின் ஏறத்தாழ 20 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் சிறை வாழ்க்கை. சிறை என்றாலும் கூண்டு இல்லை. ஊர்களில் இருக்கலாம், நாட்டை விட்டுப் போக முடியாது. தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். ஒரு முதியவரிடமிருந்த ஆங்கில வேதாகமத்தைத் தான் பின்னிய ஒரு தொப்பிக்குப் பண்டமாற்றாக வாங்கினார் என்பது அவர் சொல்லும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. 1679 இல் தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து, தாய்நாடு திரும்பும் கப்பலில்தான் நினைவிலிருந்ததை எல்லாம் எழுதினார். 1681 இல் நூல் வெளிவந்தது.

அந்நூல் நான்கு பாகங்கள் கொண்டது. முதலாவது நாடு, இரண்டாவது அரசன், மூன்றாவது மக்கள். தன் கதையை நான்காவதாகத்தான் சொல்கிறார். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஊர்ச் செய்தி எல்லாம் பேசி முடித்த பிறகு "நான் இன்னாருடைய மகன்" என்று சொல்வதுபோல. ஆனால் நினைவிலிருந்து எழுதியதற்கு ஒரு விலையும் உண்டு. வயல் உழுவதும் உணவும் உடையும் வழக்கங்களும் விரிவாக வருகின்றன. குறித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை எப்படி இருந்தது என்பதை அந்த நூலில் தேடக் கூடாது. அதற்கு அன்றன்று எழுதிய கொப்பி வேண்டும்.

மேலே சொன்ன இருவரும் வளர்ந்த ஆண்கள். எங்களைப் போன்ற பிள்ளைகள் எழுதினால்? ஆன் ஃபிராங்க் 1942 ஜூன் 12 இல் தன் பதின்மூன்றாவது பிறந்த நாளுக்குக் கிடைத்த கொப்பியில் எழுதத் தொடங்கினாள். பதின்மூன்று வயதுப் பாடசாலைப் பிள்ளையின் எண்ணங்களை யார் படிக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம் அவளுக்கும் இருந்தது. அதற்கு அவள் கண்ட வழி, கிட்டி என்ற ஒரு தோழியைக் கற்பனையில் உண்டாக்கி அவளுக்குக் கடிதமாக எழுதியது. கிட்டிக்கு ஒன்றும் தெரியாதல்லவா? அதனால் எங்கே பிறந்தேன், ஏன் ஒல்லாந்துக்கு வந்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறாள். நான் எழுதிய அதே விபரங்கள்தான். ஆனால் அவை ஒரு ஆளைப் பார்த்துச் சொல்லப்பட்டதால் படிவம் போல இல்லை. 1944 மார்ச்சில், போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பாதுகாத்து வையுங்கள் என்று வானொலியில் ஓர் அமைச்சர் கேட்டுக்கொண்ட பின்பு, தன் கொப்பியைப் பிறர் வாசிப்பதற்காக அவளே திருத்தி எழுதத் தொடங்கினாள். உடன் மறைந்திருந்தவர்களுக்குப் புனைபெயர் இட்டாள். தனக்கென்று எழுதியதை மற்றவர் முன் வைக்கும்போது வேறொரு பொறுப்பு வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மலாலாவின் கதை வேறு. இன்று அவரைப் பற்றிப் பலருக்குப் பலவித அபிப்பிராயங்கள் உண்டு. நான் சொல்ல வந்தது பதினொரு வயது மாணவி எழுதியதைப் பற்றி மட்டும். 2009 ஜனவரி 3 ஆம் திகதி முதல் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து அவருடைய நாட்குறிப்பு பீபீசி உருதுச் சேவையில் வெளியானது. ஜனவரி 15 இன் பின்னர் பெண் பிள்ளைகள் பாடசாலை போகக் கூடாது என்று அங்கே அறிவிக்கப்பட்டிருந்த நேரம். சொந்தப் பெயர் போட முடியாது. 'குல் மக்காய்' என்று பஷ்தூன் நாட்டார் கதையின் நாயகி பெயரை வைத்துக்கொண்டார். தொலைபேசியில் சொல்லச் சொல்ல ஒரு செய்தியாளர் எழுதிக்கொண்டார்.

பெயரில்லை, முகமில்லை, பாடசாலையின் பெயரும் இல்லை. அப்படியானால் அந்தப் பிள்ளையை எப்படி உலகம் அறிந்துகொண்டது? முதற் குறிப்பிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. வகுப்பில் 27 பேர், அன்று வந்தவர்கள் 11 பேர். வீட்டுக்கு வரும் வழியில் பின்னால் ஒரு ஆண் "கொன்றுவிடுவேன்" என்று சொல்வது கேட்கிறது. நடையை வேகமாக்கித் திரும்பிப் பார்த்தால் அவன் தொலைபேசியில் வேறு யாரையோ மிரட்டிக்கொண்டிருக்கிறான். "நான் மிகவும் பயந்தேன்" என்று பத்து முறை எழுதியிருந்தாலும் அந்தப் பாதை நம் கண்முன் வந்திருக்காது.

இதையெல்லாம் படித்த பின், நான் எழுதிய அறிமுகத்தைக் கிழித்துவிட்டு என் கொப்பிகளை வெளியே எடுத்தேன். மூன்று வருடமாகத்தான் எழுதுகிறேன் என்று நம்பியிருந்தேன். அலுமாரியின் அடியில் ஐந்தாம் தரத்துச் சுற்றாடல் கொப்பி ஒன்று கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் திகதி போட்டு ஒன்பது வரி எழுதியிருந்தேன். 2018.03.06.

எங்கள் மாவட்டத்தவர்களுக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, கண்டி மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டிருந்தது. அன்றுதான் நாட்டில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன.

பத்து வயதில் எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. நான் எழுதியிருந்தது இப்படி: இன்று பாடசாலை இல்லை. பஸ் சத்தமும் இல்லை. வாசலில் இருந்த செருப்பு எல்லாவற்றையும் வாப்பா உள்ளே எடுத்து வைத்தார். உம்மா சோற்றுக்கு அரிசியைச் சுண்டால் அளந்து போட்டா. முன்வீட்டுச் சிங்கள ஆச்சி மதிலுக்கு மேலால் ஒரு பலாக்காய் தந்தா. நானா வெளியே எட்டிப் பார்த்ததற்கு ஏச்சு வாங்கினான். ஏழாவது, எட்டாவது வரிகள் வீட்டில் ஒருவரைப் பற்றியவை. கடைசி வரி, நாளைக்குச் சமயபாட வீட்டு வேலை செய்ய வேண்டும்.

ஏன் செருப்பை உள்ளே எடுத்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. வாசலில் எத்தனை சோடி செருப்பு என்று பார்த்தால் வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். இப்போது அந்த வரியை வாசிக்கும்போது கை குளிர்கிறது.

என்னை அறிமுகம் செய்ய இந்தப் பக்கமே போதும் என்று தோன்றியது. ஆனால் அந்த இரண்டு வரிகள்? கொப்பி என்னுடையது, எழுத்தும் என்னுடையது. அதில் இருக்கும் மனிதர் எனக்கு மட்டும் சொந்தமானவர் இல்லை. வீட்டுக்குள் பார்த்தது ஓர் அமானிதம். சிநேகிதிகள் நால்வரும் நல்லவர்கள்தான், ஆனாலும் அந்த மனிதரிடம் கேட்காமல் அதை வாசிக்க எனக்கு உரிமை இல்லை. நாட்குறிப்பு எழுதுகிற தோழிகளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே சட்டம் இதுதான். எழுதும்போது ஒன்றையும் மறைக்காதீர்கள். வாசிக்கும்போது அடுத்தவருடைய வரியை விட்டுவிடுங்கள். மற்றபடி திகதி போடுங்கள், முடிந்தால் நேரமும் போடுங்கள். "மறக்க முடியாத நாள்" என்று எழுதப் பேனை போகும்போது, அன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

பெற்றோரும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பீர்கள் என்பதால் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மகளின் கொப்பியைக் கேட்காமல் திறக்காதீர்கள். திறக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவள் எழுதுவதை நிறுத்த மாட்டாள், பொய்யாக எழுதப் பழகுவாள். என் வகுப்பில் இரண்டு கொப்பி வைத்திருக்கும் ஒருத்தி இருக்கிறாள். ஒன்று உம்மா எடுத்துப் பார்ப்பதற்காக!

நானே உம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒன்பது வரியையும் வாசித்தார். ஏழாவது வரியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்த ரெண்டையும் வாசிக்க வேணாம் மகள்."

"வாசிக்க மாட்டேன் உம்மா."

"மத்ததெல்லாம் வாசி." கொப்பியைத் திருப்பித் தந்தவர், மறுபடி வாங்கி ஐந்தாவது வரியில் விரலை வைத்தார். "அண்டைக்கு ஆச்சி தந்தது பலாக்காய் இல்ல. ஈரப்பலாக்காய். அவிச்சுத் தேங்காய்ப்பூ போட்டுத் தந்தேனே, உனக்கு ஞாபகம் இல்லியா?"

பலாக்காய் என்ற சொல்லை அழிக்காமல், அதன் மேலே பேனையால் சரியானதை எழுதி, பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டேன். வருகிற வியாழக்கிழமை இடைவேளையில் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கப் போகிறேன்.