ஈரலின் இரு வாயில்களும் மருந்தின் வழியும்

பெருங்குடலிலே தோன்றிய புற்றுநோயைச் சத்திரசிகிச்சையால் முற்றாக அகற்றிய பின்னரும், சில ஆண்டுகளில் அது ஈரலிலே தலைகாட்டுவதுண்டு. குடலிற் பிறந்த நோய் ஈரலை நாடுவதேன்? விலங்கியல் வகுப்பில் எலியை வெட்டிப் பார்த்த நம் மாணவர் விடைகூற வல்லர். குடலிலிருந்து மீளும் குருதி நேரே இதயத்துக்குச் செல்வதில்லை; வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலை அடைகின்றது. உணவின் சாரத்தைச் சுமந்து வரும் அந்நாளமே உதிர்ந்த புற்றுக்கலங்களையும் கொணர்ந்து சேர்க்கின்றது.

ஈரலுக்கு வாயில் இரண்டு. அதன் குருதியில் ஏறக்குறைய முக்காற்பங்கு வாயினாளத்தாலும், எஞ்சியது ஈரல் நாடியாலும் வருவது. புதிதாகக் குடியேறிய புற்றுக்கலம் சிறு துணுக்காக உள்ளவரை நாளக்குருதியையே பெரிதும் உண்ணும். வளர்ந்து கட்டியானபின் நாடியிலிருந்தே உணவு பெறும். ஆகவே, முளையிலே கிள்ளுதற்கு வாயினாளமும், முற்றிய கட்டியைத் தாக்குதற்கு நாடியும் உகந்த வழிகள் என அறிஞர் கருதினர்.

1957 இல் ஹைடல்பேர்கரும் துணைவரும் அறிமுகஞ் செய்த புளோரோயுரசில் என்னும் மருந்து இதற்குக் கைகொடுத்தது. இங்கிலாந்தில் இர்விங் ரெயிலரும் துணைவரும், சத்திரசிகிச்சையின்போதே மெல்லிய குழாயைச் செருகி, ஒரு வாரகாலம் இம்மருந்தை வாயினாளத்துட் செலுத்தினர். குழாய்க்கு வழியாக அவர் திறந்தது, கருவிலே நம்மை ஊட்டிப் பின் தூர்ந்துபோன கொப்பூழ் நாளம்! ஈரலிற் பரவல் குறைந்ததென 1979 இலும் 1985 இலும் அவர் அறிவித்தபோது மருத்துவ உலகம் பெரிதும் நம்பிக்கை கொண்டது.

அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2003 இல் வெளியான பெரும் ஆய்வொன்று, ஆயுளில் ஐயமற்ற பயன் எதனையும் காணவில்லை. கணக்கு அழகானது, நோயோ கணக்குக்கு அடங்கவில்லை. புற்றுக்கலங்கள் நுரையீரல் முதலிய பிறவிடங்களுக்குஞ் செல்வன; ஒரு வார மருந்தும் போதாது. எனவே உடல் முழுதும் பரவும் மருந்தைப் பல மாதங்கள் கொடுக்கும் முறையே நிலைபெற்றது. நாடிவழி மருந்து, ஈரற் கட்டியை அகற்றிய சிலருக்குச் சிறப்பிடங்களில் இன்றும் வழங்கப்படுகின்றது.

புளோரோயுரசிலை வாயால் உட்கொண்டால் குடற்சுவரிலும் ஈரலிலுமுள்ள நொதியம் அதனைச் சிதைத்துவிடும்; எஞ்சும் அளவு ஆளுக்காள் வேறுபடும். அதனாலேயே அது நாளத்தில் ஏற்றப்படுகின்றது. கப்பெசிற்றபின் என்னும் குளிசையோ சிதையாது உறிஞ்சப்பட்டு, ஈரலிலும் புற்றிழையத்திலும் படிப்படியாக அம்மருந்தாகவே மாறுகின்றது. சத்திரசிகிச்சை பெற்ற 1,987 பெருங்குடல் நோயாளரிடம் நடந்த ஆய்வு, இக்குளிசை ஏற்றும் மருந்துக்குக் குறைந்ததன்று என 2005 இற் காட்டியது.

இதனை விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. "ஏற்றுகின்ற மருந்துதான் மருந்து, இது வெறுங் குளிசை" என்ற எண்ணம் எம்மூரில் வேரூன்றியுள்ளது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 இல் நடந்தோர் திரட்டிய பொருளால் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு, நெடுந்தீவிலிருந்து படகும் பேருந்தும் ஏறி வரவேண்டிய ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வீட்டிலே உட்கொள்ளும் குளிசை எத்துணை உதவி! ஆனால் அதனை இலேசாக எண்ணி இடையில் விடுபவரும், உள்ளங்கை சிவந்து உரிந்தபோதும் கடும் பேதியுற்றபோதும் வாளாவிருந்து தொடர்பவரும் உளர். உணவுண்ட அரைமணி நேரத்துள் நீருடன் விழுங்கவேண்டிய அக்குளிசை, நாளத்தில் ஏற்றும் மருந்தைப் போன்றே வீரியமும் நச்சுத்தன்மையும் உடையது. அதன் அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரே செய்யவேண்டியவை.