“ஃபில்டர் மட்டும்தான் மாத்துனேன், பாஸ்”

வண்டியை நிறுத்தியதும் வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியம் இது. ஒரு பிளேன்டி குடிக்கும் நேரம் பேச்சுக் கொடுத்தால் சைலன்சரும் மாற்றியிருப்பது தெரியவரும். இன்னும் கொஞ்சம் கேட்டால், வேறொரு கராஜில் இன்ஜெக்டர் கழுவியதும், ஐட்லிங் நிற்கவில்லை என்று கூட்டாளி ஒருவன் த்ரொட்டில் ஸ்க்ரூவைத் திருகியதும் வெளியே வரும்.

தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்த ஊவாப் பிள்ளைகளுக்கு வண்டியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. 2024 ஏப்ரலில் அங்கே கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் உயிரிழந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. ஆசை இல்லாதவர்களும் வருவார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. புதிய வண்டி கிடைக்காத அந்த ஐந்து வருடத்தில் பழைய உடம்புக்கு வேறு ரீகண்டிஷன் எஞ்சின் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. அதுவும் மொடிஃபிகேஷன்தான்.

ஸ்பிரிங்வெளி, பசறை, ஹாலிஎல பக்கமிருந்து பதுளை டவுனுக்கு இறங்கி கராஜ்களில் வேலை பழகும் தம்பிமார், தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன். காபரேட்டர் காலத்து பாஸ்மார் காதால் கேட்டு, ஸ்க்ரூவைத் திருப்பி, புளக் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்தார்கள். அந்தக் காது இன்றும் வேண்டும். ஆனால் கோளாறு இருக்கிறது என்பதைத்தான் காது சொல்லும். எங்கே என்பதை அளந்துதான் காண வேண்டும். அளக்கத் தெரிந்தவருக்கு இனி வேலை குறையாது.

ஃபியூல் இன்ஜெக்ஷன் எஞ்சினில் ஈசியு என்ற கணினி பெற்றோலை அளப்பதில்லை. காற்றைத்தான் அளக்கிறது. அதுவும் சில வண்டிகளில் நேராக அளக்காமல் கணக்குப் போட்டு எடுக்கிறது. காற்று இவ்வளவு, எஞ்சின் சூடு இவ்வளவு, பம்ப் அழுத்தம் இவ்வளவு, இந்த இன்ஜெக்டரைத் திறந்தால் இவ்வளவு பெற்றோல் வரும் என்று கம்பனியில் எழுதிக் கொடுத்ததை நம்பி இன்ஜெக்டரைத் திறக்கிறது. பிறகு எக்ஸோஸ்டில் உள்ள ஒக்சிஜன் சென்சர் சொல்வதை வைத்துத் திருத்திக்கொள்கிறது. வண்டியை மாற்றுகிறவர் இந்த நம்பிக்கைகளில் ஒன்றைப் பொய்யாக்கிவிடுகிறார். எது பொய்யானது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. ஸ்பெனரை எடுப்பதற்கு முன் ஜொப் கார்ட்டில் எழுதுங்கள்: என்ன மாற்றினார், எப்போது, அதற்குப் பிறகு எத்தனை நாளில் கோளாறு தொடங்கியது. “அண்ணே, திட்டுறதுக்குக் கேக்கல, சீக்கிரம் முடிக்கத்தான் கேக்குறேன்” என்றால் முக்கால்வாசிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

முதலில் பெட்டரி. வோல்டேஜ் இறங்கினால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், பெற்றோல் அளவு மாறும். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் எர்த் வயரைக் கட்டாயம் பாருங்கள். பெயின்ட் மேல் இறுக்கிய எர்த் வயரால் சென்சர் எல்லாமே பொய் சொல்லும். பெட்டரியைக் கழற்றினாலோ த்ரொட்டில் பொடியைக் கழுவினாலோ பல வண்டிகளில் ஈசியு பழகி வைத்திருந்த ஐட்லிங் கணக்கு அழிந்தோ பொருந்தாமலோ போகும். நிஸான் போன்றவற்றுக்கு அதைத் திரும்பக் கற்றுக்கொடுக்கத் தனி முறையே உண்டு. கோளாறே இல்லாத வண்டியைப் பிரித்து மேய்வதற்கு முன் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரே கசிவு இரண்டு வகை வண்டிகளில் இரண்டு விதமாகத் தெரியும். சில கார்களில் ஃபில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும். அதைத் தாண்டி ஒரு ஹோஸ் கழன்றிருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும், பெற்றோல் குறையும், ஐட்லிங்கில் மிஸ் ஆகும், 'பி 0171' என்ற கோட் வரும். ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம்மைப் பாருங்கள். கூட்டல் குறி என்றால் ஈசியு பெற்றோலைக் கூட்டுகிறது என்று பொருள். கூட்டலோ கழித்தலோ 10 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. ஐட்லிங்கில் கூட்டல் 20 காட்டி, 2500 சுற்றுக்கு ரேஸ் பண்ணியதும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ரேஸ் பண்ணப் பண்ண அது கூடிக்கொண்டே போனால் கசிவை விட்டுவிட்டு பெற்றோல் பம்பையும் ஃபில்டரையும் பாருங்கள். இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் வாங்கப்படும் எத்தனையோ பாகங்களை மிச்சப்படுத்தும்.

ஹொண்டா, சுசுகி கார் பலவற்றிலும் எஃப்.ஐ. பைக்குகளிலும் கதை வேறு. அங்கே மெனிஃபோல்ட்டின் அழுத்தத்தைப் பார்க்கும் மெப் சென்சர்தான் இருக்கும். கசிந்து வந்த காற்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால் ஈசியு அதற்கும் சேர்த்தே பெற்றோல் ஊற்றும். கலவை சரியாக இருக்கும், ட்ரிம்மும் சரியாக இருக்கும், ஐட்லிங் மட்டும் 1500இல் நிற்கும். சில வண்டிகளில் சுற்று ஏறி ஏறி இறங்கும். த்ரொட்டில் மூடியிருந்தும் சுற்று கூடுதலாக இருந்தால், வண்டி இறக்கத்தில் போகிறது என்று நினைத்து ஈசியு பெற்றோலை நிறுத்தும். சுற்று விழும். விழுந்ததும் திரும்ப ஊற்றும், சுற்று ஏறும். இதற்கு இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸ், மெனிஃபோல்ட் கெஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், பிளவ்-பை வால்வ் ஹோஸ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஹோஸ்களை மடித்துப் பிடித்துப் பாருங்கள். ஸ்பிரே போத்தலில் தண்ணீர் எடுத்து மூட்டுகளில் அடித்தால் ஐட்லிங் ஒரு கணம் மாறும் இடம்தான் கசியும் இடம். சூடான எஞ்சின் மேல் காப் கிளீனர் அடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். அது தீப்பிடிக்கும் சாமான்.

சைலன்சர் மாற்றிய வண்டியில் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. ஸ்கேனர் பெற்றோல் குறைவு என்கிறது, புளக்கைக் கழற்றினால் கரி கறுப்பு. ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால் உள்ள மூட்டில் கெஸ்கெட் சரியாக உட்காராவிட்டால், புகை விட்டு விட்டு வரும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சருக்கு அது எரியாமல் மிஞ்சிய காற்றாகத் தெரியும். உடனே ஈசியு மேலும் மேலும் பெற்றோலை ஊற்றும். எஞ்சின் ஆறிய நிலையில் ஸ்டார்ட் பண்ணி, மூட்டைச் சுற்றி டிக் டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். கறுத்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். பத்து ரூபாய் வேலையல்ல என்றாலும் ஒரு கெஸ்கெட்டோடு முடியும். அந்தச் சென்சரையே கழற்றி துளையை அடைத்துவிடும் பைக்குக்காரர்களுக்கோ, ஈசியு திருத்திக்கொள்ள வழியே இல்லாமல் போவதால் பெற்றோல் செலவு ஏறலாம்.

த்ரொட்டில் ஸ்க்ரூவில் கம்பனி பெயின்ட் அடித்து வைத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். திருகினால் சுற்று ஏறும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் த்ரொட்டில் முழுதாக மூடியது என்பது ஈசியுவுக்குத் தெரியாமல் போகும். ஐட்லிங்கைத் தானாகக் கட்டுப்படுத்தும் வேலையையே அது விட்டுவிடும். ஏற்கனவே யாராவது திருகியிருந்தால் மல்டிமீட்டரை எடுத்து, த்ரொட்டில் மூடிய நிலையில் சென்சர் வோல்டேஜைப் பாருங்கள். பல வண்டிகளில் அரை வோல்ட்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும். சரியான எண் அந்த வண்டியின் மெனுவலில் இருக்கும்.

பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களிடம் ஒரு கணக்கைக் காட்டலாம். நிமிடத்துக்கு 200 சீசீ ஊற்றும் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் 300 சீசீ போட்டால் ஒரே நேரத்தில் ஒன்றரை மடங்கு பெற்றோல் வரும். அதைச் சமாளிக்க ஈசியு 33 சதவீதம் குறைக்க வேண்டும். பெரும்பாலானவை 25க்குப் பக்கத்திலேயே கையை விரித்துவிடும். ஈசியுவுக்குப் புதிய எண்ணை எழுதாமல் இன்ஜெக்டர் மாற்றுவது வீண் செலவு. ஓம் கணக்கையும் பாருங்கள்: வழக்கமானது 12 முதல் 16 வரை. பழைய டேர்போ வண்டிகளில் இருந்து கழற்றிய 2, 3 ஓம் இன்ஜெக்டரை ரெசிஸ்டர் இல்லாமல் சொருகினால் ஈசியுவின் டிரைவரே எரியலாம். பம்ப் அழுத்தத்தில் கை வைப்பதும் இப்படித்தான். 300 கிலோபாஸ்கலை 400 ஆக்கினால் பெற்றோல் மூன்றில் ஒரு பங்கு கூடாது, சுமார் 15 சதவீதம்தான் கூடும். ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸுக்குள் பெற்றோல் நனைந்திருந்தால் அதன் சவ்வு கிழிந்துவிட்டது, மாற்றுங்கள்.

எஞ்சின் மாற்றிய வண்டி குடிகாரனாகிவிட்டால் வெப்பச் சென்சரைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியைத் திருப்பினால் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பதுளைக் குளிர் காலையில் ஸ்கேனர் மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. ரேஸ் கேம் போட்டவருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: 750இல் சீராக நிற்காது, கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். மெனுவல்களில் உள்ள எண்கள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கானவை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் மெப் சென்சர் அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்டும். கொழும்பில் 101 கிலோபாஸ்கல். சுமார் 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளையில் 93, சுமார் 1,430 மீற்றரில் உள்ள அப்புத்தளையில் 85 அளவு. பதுளையில் 93 காட்டும் சென்சரைப் பழுது என்று மாற்றுகிறவர் நல்ல சாமானைக் குப்பையில் போடுகிறார். 101 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். வேக்யூம் கேஜ் வைத்திருந்தால், நல்ல எஞ்சின் கொழும்பில் காட்டும் 18 முதல் 21 அங்குலத்தில் பதுளையில் இரண்டையும் அப்புத்தளையில் நான்கைந்தையும் கழித்துக்கொள்ளுங்கள். காற்று மெலிவதால் மேலே ஏற ஏற ஐட்லிங் வால்வ் கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். டவுனில் சமாளித்த அழுக்கு வால்வ் அப்புத்தளையில் எஞ்சினை நிறுத்திவிடும். ஆகவே வேலை முடிந்ததும் டவுனைச் சுற்றி வந்து சாவியைக் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏற்றி, வளைவில் கிளச்சை மிதித்து, த்ரொட்டிலை விட்டுப் பாருங்கள். இரவு நிறுத்தி வைத்துக் காலையில் குளிரில் ஒரு ஸ்டார்ட்.

வருட லைசனுக்கான புகைப் பரிசோதனைத் தாளும் உங்களுக்கு ஒரு கருவிதான். கார்பன் மொனொக்சைட் கூடியிருந்தால் பெற்றோல் கூட ஊற்றுகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் கூடி மொனொக்சைட் குறைந்திருந்தால் எங்கோ மிஸ் ஆகிறது, பெரும்பாலும் பெற்றோல் குறைந்தோ புளக் எரியாமலோ. ஃபெயிலான தாளோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், அவர் பாதி வேலையைச் செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

பில்லில் பாகங்களின் விலையை மட்டும் எழுதும் பழக்கம் நம் கராஜ்களில் அதிகம். கோளாறைக் கண்டுபிடிக்க எடுத்த நேரத்துக்குத் தனி வரி போடுங்கள். வந்தபோது இருந்த ட்ரிம், முடிந்தபோது உள்ள ட்ரிம் இரண்டையும் எழுதினால் யாரும் பேரம் பேசமாட்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏமாற்றிவிட்டான் என்று சொல்வது குறையும். அதே காகிதங்களின் நகல் உங்களுக்கும் உதவும். வகுப்புக்குப் போகாமல் கராஜிலேயே கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.க்யூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் கேளுங்கள். மதிப்பிட வருகிறவர் செய்த வேலைக்குச் சான்று கேட்பார், திகதியும் அளவுகளும் உள்ள ஜொப் கார்ட் அதற்குப் பொருத்தமானது. முழுநேரமாகப் படிக்க வசதியுள்ளவர்களுக்கு பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

மொடிஃபை பண்ணும் முன்பே உங்களிடம் ஆலோசனை கேட்டு வரும் பையனை விட்டுவிடாதீர்கள். மாற்றாத வண்டியில் ஐட்லிங் சுற்று, மெப், ட்ரிம், பெற்றோல் அழுத்தம், மூடிய த்ரொட்டில் வோல்டேஜ் எல்லாவற்றையும் எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காசு வாங்காமல். பழைய ஃபில்டரையும் சைலன்சரையும் விற்றுவிடாதே தம்பி என்றும் சொல்லுங்கள். பிறகு கோளாறு என்று வந்தால் பழையதைப் பூட்டித் திரும்ப அளந்தால் போதும்: எண்கள் பழைய இடத்துக்கு வந்தால் குற்றம் புதிய பாகத்தில், வராவிட்டால் தேட வேண்டியது வேறு இடத்தில்.