மாலை வகுப்புக்குப் போகும் முன்

சூலூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

பகுதிநேர எம்.பி.ஏ. மாணவர்களுக்கு நிதி மேலாண்மை எடுக்கப் போகிறாய் என்று உங்கம்மா சொன்னாள். "வருசக்கணக்கா தொழில்ல இருக்கறவங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர்றது?" என்று நீ பயப்படுவதையும் சொன்னாள். அந்தப் பயம் உனக்கு இருக்கட்டும், கண்ணு. அது இல்லாதவர்கள்தான் போன வருடத்து ஸ்லைடை அப்படியே ஓட்டிவிட்டு வருகிறார்கள்.

ஷிஃப்ட் முடித்து வரும் மில் சூப்பர்வைசர், பம்ப்செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவர், அப்பாவின் தறிக்கூடத்தை நடத்தும் பிள்ளை, இவர்கள்தான் உன் மாணவர்கள். நூல் விலையும் ஆள் தட்டுப்பாடும் அவர்களுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். அதில் போட்டிக்குப் போகாதே. ஆனால் ஒவ்வொருவரும் உள்ளே புகுந்து பார்த்தது ஒன்றிரண்டு கம்பெனிகளைத்தான். பல கம்பெனிகளை ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்குக் கிடைத்திருக்காது. உன் படிப்பு அதற்குத்தான். 1956இல் தொடங்கிய நம் கோவை ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, மில்களின் உற்பத்தித் திறனையும் செலவையும் ஒப்பிட்டு அறிக்கை தருகிறதே, அதை முதலில் எடுத்துப் படி.

முதல் நாளே சூத்திரத்தைப் போர்டில் எழுதாதே. ஒரு கணக்குக் கொடு. பஞ்சும் நூலுமாகச் சரக்கு 40 நாள் கிடக்கிறது, விற்ற பணம் வர 60 நாள், பஞ்சுக்காரருக்கு 15 நாளில் கொடுத்தாக வேண்டும். நடுவில் 85 நாளைக்கு யார் பணத்தில் மில் ஓடுகிறது? லாபம் காட்டும் மில் சம்பள நாளில் ஏன் திணறுகிறது என்று அவர்களே சொல்வார்கள். அதன் பிறகு சூத்திரத்தை எழுது.

பாக்கியை எத்தனை நாள் இழுக்கலாம் என்ற அடுத்த கேள்வியும் வரும். 2023 நிதிச் சட்டத்தின்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டியதை எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். வாங்குகிறவரும் விற்கிறவரும் உன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இருவரையும் பேசவிடு. விதியைச் சரியாகச் சொல்லும் பொறுப்பு உன்னுடையது. தெரியாவிட்டால் "அடுத்த வகுப்பில் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல், சொன்னபடி கொண்டு போ.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். போட்டிக் கம்பெனிக்காரர்கள் ஒரே வகுப்பில் இருப்பார்கள். எவருடைய ரேட்டையும் எல்லோர் முன்னாலும் கேட்காதே. அவர்கள் தரும் கணக்கைப் பெயரை எடுத்துவிட்டு, எண்களை மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும். இந்த நம்பிக்கை ஒரு முறை போனால் அதன் பிறகு ஒருவரும் உண்மைக் கணக்கைக் கொண்டுவர மாட்டார்கள்.

தொழிலில் 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களைப் பிஎச்.டி. இல்லாமலே நடைமுறைப் பேராசிரியராக (Professor of Practice) அமர்த்தலாம் என்று 2022இல் யு.ஜி.சி. வழி திறந்தது. நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். அப்படி ஒருவர் உன் துறைக்கு வந்தால் சேர்ந்து வகுப்பெடு. அவர் நடந்ததைச் சொல்லட்டும். அது வேறு கம்பெனியில் ஏன் அப்படி நடக்காமல் போகலாம் என்று நீ கேள்.

வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு நாள் சூலூர் வந்துவிடு. சோமனூரில் கூலிக்கு நெய்யும் தெரிந்த தறிக்கூடம் ஒன்று இருக்கிறது, கூட்டிப் போகிறேன். பாவு வந்த நாள், துணி போன நாள், கூலி வந்த நாள் மூன்றையும் அவர்கள் நோட்டில் பார்த்துக் குறித்துக்கொள்.

அன்புடன்,
மாமா