புக்கிட் கெப்போங்: போவது எப்படி, பார்ப்பது எப்படி

நாட்டுக்காகச் சீருடை அணிந்து செத்தவர்களின் நினைவிடம் ஒன்றை ஜொகூரில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், நான் ஜொகூர் பாருவைச் சொல்ல மாட்டேன். முவார் ஆற்றோரம் இருக்கும் புக்கிட் கெப்போங்கைச் சொல்வேன். 1950 பிப்ரவரி 23 விடியுமுன், ஏறத்தாழ 180 கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் அந்த ஊரின் பலகைப் போலீஸ் நிலையத்தை வளைத்துக்கொண்டார்கள். உள்ளே சார்ஜன் ஜமில் முகமட் ஷாவோடு இருந்தவர்கள் 25 பேர் அளவில்தான். சரணடையச் சொல்லியும் மறுத்துப் பல மணி நேரம் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நிலையமும் குவார்ட்டர்ஸும் எரிந்தன. மனைவி மக்களில் சிலரும் உயிரிழந்தார்கள். இறந்தவர்களின் கல்லறைகளும், அவசரகாலத்தை விளக்கும் 'கலேரி டாருராட்' காட்சிக்கூடமும் இன்று அங்கே இருக்கின்றன.

முதலில் நாள் பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது. பழைய வெள்ளி, சனிக் கணக்கில் திட்டம் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சிற்றூர்க் காட்சிக்கூடம் என்பதால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த வேலை வீட்டில். தாத்தா பாட்டி யாராவது இருந்தால், முதல் நாள் இரவு 'கம்யூனிஸ்டு காலம்' பற்றிக் கேட்டு வையுங்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் தோட்டத்து மக்களுக்குப் புத்தகச் சரித்திரம் அல்ல. முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, காட்டுக்குள் சாப்பாடு போகிறதா என்று கேட்டில் பால்மரத் தொழிலாளர்களைச் சோதித்தது எல்லாம் அவர்கள் வாயிலிருந்தே வரும். உங்கள் பர்ஸில் இருக்கும் ஐசியும் (அடையாள அட்டை) அந்தக் காலத்துப் பிள்ளைதான். 1948-இல் தொடங்கிய பதிவு அது. இதைக் கேட்டுவிட்டுப் போகிற பிள்ளை காட்சிக்கூடத்தில் 'போரடிக்கிறது' என்று சொல்வது குறைவு.

வழி: வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பாகோ டோலில் இறங்கி, லெங்கா வழியாகப் போகலாம். ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸை நம்பிப் போகிற இடமில்லை, கார்தான். சாப்பாட்டை வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போனதும் காட்சிக்கூடத்துக்குள் நுழையாதீர்கள். கல்லறைகளுக்கு முதலில் போங்கள். முஸ்லிம் அடக்கத்தலம், எனவே அடக்கமான உடை, கல்லறை மேட்டின் மேல் கால் படாத நடை. சத்தமில்லாமல் பெயர்களை ஒருமுறை வாசித்தால் போதும். அப்புறம் உள்ளே போகும்போது சுவரில் இருக்கும் பெயர்கள் உங்களுக்குத் தெரிந்த பெயர்களாக இருக்கும். இல்லாவிட்டால் பையன்கள் நேரே துப்பாக்கிப் பக்கம் ஓடிவிடுவார்கள், மற்றது எதுவும் ஏறாது. விளக்கங்கள் பெரும்பாலும் மலாயில்தான், பிள்ளையை வாசிக்கச் சொல்லி, பாட்டிக்குத் தமிழில் சொல்ல விடுங்கள்.

ஜின்ஸ் சம்சுடின் எடுத்த 'புக்கிட் கெப்போங்' (1981) படத்தைத் திரும்பி வந்த பிறகு பார்க்கலாம். முன்பே பார்த்தால் நடிகர்களின் முகம்தான் நினைவில் நிற்கும். வளர்ந்த பிள்ளைகள், தாக்குதலோடு பெயர் சேர்ந்த மாட் இந்திராவைப் பற்றிக் கேட்பார்கள். 1953-இல் தைப்பிங் சிறையில் தூக்கிலிடப்பட்டவர். அவர் விடுதலைப் போராளியா என்ற சர்ச்சை 2011-இல் நாடெங்கும் வெடித்தது. மழுப்பாமல் இரு தரப்பையும் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற படைவீரர் யாராவது அங்கே பேச்சுக் கொடுத்தால் 'எத்தனை பேரைச் சுட்டீங்க அங்கிள்?' என்று கேட்கவிடாதீர்கள். எந்தக் காட்டில் இருந்தார், மழையில் எப்படித் தூங்கினார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். ரேஞ்சர் படைப்பிரிவில் எல்லா இனத்தாரும் உண்டு. பேசுகிறவர் தமிழராகவும் இருக்கலாம்.

மாலையில் நேரம் மிஞ்சினால் பாரிட் சூலோங். பாலத்தருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. 1942 ஜனவரியில் பக்ரியிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர், பாலம் ஜப்பானியர் கையில் இருந்ததால் காயமடைந்தவர்களை விட்டுவிட்டுச் சதுப்பு வழியே தப்ப வேண்டியதாயிற்று. விடப்பட்டவர்களில் ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் கொல்லப்பட்டார்கள். ஜப்பானிய ஜெனரல் நிஷிமுரா இதற்காக 1951-இல் தூக்கிலிடப்பட்டார். பார்க்க அரை மணி போதும்.

இந்தியச் சிப்பாய்களின் பெயர் வேண்டுமென்றால் இன்னொரு நாள் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போக வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து சிடபிள்யூ1 பஸ் கிராஞ்சி எம்ஆர்டி வரை போகும், அங்கிருந்து நடை. நுழைவு இலவசம். கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் இருக்கின்றன. பின்புறம், சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனிச் சின்னம். அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பலர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

போகுமுன் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். முனுசாமியை வெள்ளைக்கார எழுத்தர் நாலு விதமாக எழுதியிருப்பார், எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். ஆளை உறுதிசெய்ய அதுதான் துப்பு. பெயர் கிடைத்தால் தூண் (Column) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சயாம் ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத உங்கள் தாத்தாவை அதில் தேட வேண்டாம். அது படைவீரர் பட்டியல். தோட்டத்திலிருந்து பிடித்துப் போன கூலிகளுக்கு அதில் இடமில்லை.

எஸ்ஜி அரைவல் கார்டைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள். வார இறுதியென்றால் காலையிலேயே கிளம்பி, பிற்பகலுக்குள் பாலத்தைத் தாண்டித் திரும்பிவிடுவது உத்தமம்.